நாச்சிமுத்து செய்த பழ மிஷின்

மார்ச் 3, திங்கள்

என் வீட்டுக்காரி தெய்வானை காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் வெள்ளகோவிலுக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டது. என் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதிலுக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, தன் நம்பரையும் பக்கத்துப் பட்டறை லாசர் நம்பரையும் மட்டும் அதில் ஏற்றி மேஜைமேல் வைத்திருந்தாள்.

“ஏனுங், ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு அந்தக் கெரகத்தத் தொடாம இருங்க. ஏப்ரல் பத்தொம்பதாந்தேதி நானே வாறேன். நடுவுல தொட்டுட்டீங்கன்னா போன் பண்ணிச் சொல்லீருங்க. நா வரல. பொய் மட்டும் சொல்லாதீங்க, அதைய என்னால தாங்க முடியாது.”

தினமும் என்ன செய்தேன் என்று எழுதி வைக்க வேண்டுமாம். வந்து படிப்பாளாம். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். பட்டறை ஆர்டர் நோட்டில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது, அதிலேயே எழுதுகிறேன்.

அவள் கெரகம் என்று சொல்வது போனில் காசு கட்டி ஆடுகிற ஒரு விளையாட்டு. மூன்று சக்கரம் சுற்றும், பழங்கள் ஓடும், மூன்றிலும் ஒரே பழம் வந்து நின்றால் ஜெயிப்பு. எட்டு மாதம் ஆடினேன். இன்றோடு விட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

விட்டது விட்டதுதான். ஆனால் வலது கட்டைவிரல் கேட்கமாட்டேன் என்கிறது. டம்ளரைப் பிடித்தால் டம்ளரைத் தேய்க்கிறது. சோப்பைப் பிடித்தால் சோப்பைத் தேய்க்கிறது. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தேய்த்ததில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

பம்பு கம்பெனிக்கு இருநூறு வெண்கலப் புஷ், ஷாஃப்ட் உள்ளே சுற்றுகிற வளையம், கடைந்து கொடுக்க வேண்டும். இன்று பதினெட்டு முடிந்தது. எல்லாம் சின்ன லேத்தில்தான். பெரிய லேத் கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது. முப்பது வருஷம் ஓடியதில் அதன் அடிக்கட்டை தேய்ந்துவிட்டது, சாணை பிடித்துத்தான் வரவேண்டும். அளவு ஒன்றும் தப்பவில்லை. இத்தனை வருஷத்தில் நாச்சிமுத்து கடைந்த புஷ் ஒன்றுகூட ‘சைஸ் சரியில்லை’ என்று திரும்பி வந்தது கிடையாது. இந்தக் கணபதி ஏரியா முழுக்கக் கேட்டுக்கொள்ளலாம்.

லாசர் நெற்றியில் சாம்பலோடு வந்தான். அவர்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டது. “எனக்கு நாப்பது நாளு கறி இல்ல. உனக்கு நாப்பத்தெட்டு நாளு போன் இல்ல. பாப்பம்டா நாச்சி, யாரு மொதல்ல உசுர விடறான்னு” என்றான். சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது.

மார்ச் 8, சனி

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. பதினாறு குடம். ரசம் வைத்தேன், புளி தூக்கல்.

மத்தியானம் மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் டீ குடித்துவிட்டு ஆட உட்காருகிற நேரம் அது. பத்து நிமிஷம் வாசலில் போய் நின்றேன். லாசரிடம் போன் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெய்வானை படிக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு யோசனை. நல்ல யோசனை.

எனக்கு எந்த மிஷினைப் பார்த்தும் பயம் இருந்ததில்லை. ஏன் என்றால் எதையும் நான் கழற்றிப் பார்த்துவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் இரும்பு. போனைக் கழற்றி என்ன பார்ப்பது? அதனால்தான் அது என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. அதே விளையாட்டை நான் என் கையால் இரும்பில் செய்துவிட்டால்? மூன்று உருளை, ஒரு கைப்பிடி, கொஞ்சம் பல்சக்கரம், அவ்வளவுதானே. வெளிநாட்டில் பழ மிஷின் என்று கடைகளில் நிற்கும், சினிமாவில் பார்த்திருக்கிறேன். செய்து பார்த்துவிட்டால் சூட்சுமம் தெரிந்துவிடும். சூட்சுமம் தெரிந்தால் ஆசை போய்விடும்.

தெய்வானைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பாலுக்குப் பூனையக் காவல் வெச்ச மாதிரி இருக்குதுங்.”

“காசே வெக்க மாட்டன் அம்மிணி. வாஷரப் போட்டு ஆட்டறதுதான். சும்மா இரும்பு வேல.”

“வேல செய்யறது நல்லதுதானுங். ஆனா எழுதி வெய்யுங்க” என்றாள். வைக்கும்போது, “பெரிய லேத் வந்துருச்சுங்களா?” என்று கேட்டாள். வரும் என்றேன்.

மார்ச் 15, சனி

மூன்று அலுமினிய உருளை கடைந்தேன், ஒவ்வொன்றும் எட்டங்குலம். ஒரே செட்டிங்கில் மூன்றையும் முடித்தேன். மைக்ரோமீட்டரில் வைத்தால் மூன்றுக்கும் முடி அளவு வித்தியாசம்கூட இல்லை. எத்தனை நாளாயிற்று இப்படி ரசித்து ஒரு வேலை செய்து! மூன்று மணி வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை.

புஷ் இன்று செய்யவில்லை. திங்கட்கிழமை சேர்த்துச் செய்துவிடலாம்.

மார்ச் 19, புதன்

உருளை நிற்பதற்குப் பல்சக்கரம் வேண்டும், ஆளுக்கு இருபது பல். லாசரின் மில்லிங் மிஷினில் போட்டோம். வட்டத்தைச் சமபாகமாகப் பிரிக்கிற டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஒரு பல். அறுபது பல்லுக்கும் லாசர்தான் சுற்றினான், நான் எண்ணினேன்.

“இது எதுக்குடா?” என்றான். சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தான். “குடிகாரன் சாராயம் காச்சக் கத்துக்கிட்டா குடி நின்னுருமாடா?” என்றான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் நக்கல். தயிர்சோறு தின்று தின்று வாய் நீளுகிறது.

மார்ச் 22, சனி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பழங்கள் சார்ட் இருபது வாங்கி வந்து கத்தரித்தேன். ஒரு உருளைக்கு இருபது படம். எலுமிச்சை ஆறு, வாழை ஆறு, கொய்யா ஐந்து, மாம்பழம் இரண்டு, பலா ஒன்றே ஒன்று. மூன்றிலும் பலா வந்து நிற்பதுதான் பெரிய ஜெயிப்பு. இருபதை இருபதால் பெருக்கி, அதை இன்னொரு இருபதால் பெருக்கினால் எண்ணாயிரம். எண்ணாயிரம் தடவை இழுத்தால் ஒரு தடவை வரும் என்று கணக்கு. இந்தக் கணக்கை அன்றைக்கே யாராவது என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தால் நான் ஆடியிருப்பேனா? ஆடியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மிஷினைப் பெரிய லேத் இருந்த இடத்தில் நிறுத்தினேன். தரையில் அதன் போல்ட்டுகள் நாலும் அப்படியே இருந்தன, வசதியாகப் போயிற்று. “பெரிய லேத் வந்தா இத எங்கடா வெப்பே?” என்றான் லாசர். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 25, செவ்வாய்

கைப்பிடி பழைய கை பிரஸ்ஸில் இருந்து எடுத்தது. இழுத்தால் ஸ்பிரிங் மூன்று உருளைகளையும் ஒரே உதையாக உதைக்கும். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கொக்கி பல்லில் விழுந்து நிறுத்தும். டக். டக். டக். மூன்றாவது டக்குக்கு முன்னால் கொஞ்சம் தாமதம் வைத்திருக்கிறேன். அந்தத் தாமதத்தை மட்டும் அரை நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். போனில் அப்படித்தான் வரும்.

விரலில் வெட்டு. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

மார்ச் 27, வியாழன்

முடிந்தது! முதல் இழுப்பு: வாழை, வாழை, மாம்பழம்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது தடவை சோதனை செய்து பார்த்தேன். கொக்கிகள் நன்றாக விழுகின்றன. சோதனை எண்ணிக்கை தெரிவதற்குக் மோட்டார் காயில் சுற்றும் மிஷினில் இருக்கும் கவுண்ட்டர் ஒன்றைக் கைப்பிடியில் மாட்டினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நம்பர் ஒன்று ஏறும். வேலை என்றால் ஆதாரம் வேண்டும்.

மார்ச் 29, சனி

கவுண்ட்டர் 388.

புது மிஷினை ஓட்டிப் பழக்கித்தான் ஆகவேண்டும். எந்த மோட்டாராக இருந்தாலும் முதல் பத்து மணி நேரம் சும்மா ஓட விடுவோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கவுண்ட்டர் 1,140. இன்றைக்கு மட்டும் மூன்று மாம்பழம் நாலு தடவை. மூன்று பலா ஒரு தடவை! கத்தியேவிட்டேன். லாசர் ஓடிவந்தான், கை மாட்டிக்கொண்டதோ என்று.

எண்ணாயிரத்தில் ஒன்று ஆயிரத்திலேயே வந்துவிட்டது. எனக்கு ராசி இல்லை என்று யார் சொன்னது?

பம்பு கம்பெனியில் இருந்து ஆள் வந்தார். புஷ் தொண்ணூறு கொடுத்தேன். மீதி அடுத்த வாரம்.

ஏப்ரல் 3, வியாழன்

ராசியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. இன்றைக்குத்தான் பிடிபட்டது.

வரிசையாக எழுதிப் பார்த்தேன். முழு இழுப்பு இழுத்தால் முதல் உருளை மூன்று சுற்றும் ஏழு பல்லும் போகிறது. இரண்டாவது நாலு சுற்றும் பதினோரு பல்லும். மூன்றாவது ஐந்து சுற்றும் இரண்டு பல்லும். எத்தனை தடவை இழுத்தாலும் அதேதான். ஒரு பல் கூடக் குறைய இல்லை. உருளை மூன்றும் ஒரே எடை, பேரிங் மூன்றும் ஒன்றாக வாங்கியது, ஸ்பிரிங்கை நானே அளந்து சுற்றினேன். இழுக்கிற கையோ முப்பது வருஷமாக ஒரே அளவாக ஹேண்டில் சுற்றிய கை. பிறகு எப்படி மாறும்? வேறு யாராவது அரைகுறையாகச் செய்திருந்தால் மிஷின் ஒழுங்காகத் தாறுமாறாக ஓடியிருக்கும். நான் செய்ததால் கடிகாரம் மாதிரி ஓடுகிறது.

பாதி இழுப்பு எத்தனை பல், கால் இழுப்பு எத்தனை பல் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். லாசரைக் கூப்பிட்டு, “பலா கொண்டாரட்டுமா?” என்று கேட்டு, ஒன்பதாவது இழுப்பில் மூன்று பலாவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். லாசர் கை தட்டினான்.

தெய்வானைக்குப் போன் செய்தேன். “சூட்சுமம் தெரிஞ்சு போச்சு அம்மிணி. இனி இதுல ஒண்ணுமில்ல.”

“நெசமாத்தானுங்?”

“நெசமாத்தான்.”

அவள் அழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் சென்னியப்பன் போனை வாங்கி, “மாப்ள, நல்லபடியா இருங்க” என்றார். நானும் கொஞ்சம் அழுதேன். இன்று முப்பத்திரண்டாவது நாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மிஷினைத் தொடவில்லை. புஷ் முப்பது.

ஏப்ரல் 5, சனி

புஷ் பன்னிரண்டு. மாவு பாக்கெட் வாங்கித் தோசை ஊற்றினேன். துணி துவைத்தேன். மூன்று மணிக்கு மிஷின் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தடவை இழுத்தேன். என்ன வரும் என்று இழுப்பதற்கு முன்பே தெரிந்தது, அதுவே வந்தது. சப்பென்று இருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கவேண்டும். ஆனால் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு சின்ன வேலை செய்தேன். நடு உருளையின் பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸை எடுத்துவிட்டேன். மூன்றாவது உருளைக்குப் பேரிங்குக்குப் பதில் ஸ்கிராப் டப்பாவில் கிடந்த தேய்ந்த புஷ் ஒன்று. சும்மா, எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக. சூட்சுமத்தை முழுசாகத் தெரிந்துகொள்வது என்றால் இதையும் பார்க்கத்தானே வேண்டும்.

இப்போது என்ன வரும் என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் சோதனை செய்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

முதல் உருளை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்டது. அதற்கும் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் செய்தேன். சோதனை சுமார் நாற்பது.

ஏப்ரல் 10, வியாழன்

கவுண்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். கடகடவென்று ஒரே சத்தம்.

சோதனை ஐம்பது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். தெய்வானை போன் செய்தாள். “மருதமலைக்குப் போனீங்களா?” போனேன், கூட்டம் தாங்கவில்லை என்றேன்.

“பெரிய லேத் வந்துருச்சுங்களா?” என்றாள்.

“அடுத்த வாரம் அம்மிணி.”

“செரி” என்றாள். போனை வைத்துவிட்டாள். தோள்பட்டை வலது பக்கம் வலிக்கிறது, தூக்கவே முடியவில்லை. நல்லெண்ணெய் தேய்த்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. ஒவ்வொரு வருஷமும் தெய்வானை முந்தின நாளே தாம்பாளத்தில் முக்கனி, கொன்றைப் பூ, கண்ணாடி, தன் வளையல் எல்லாம் வைத்து, என் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து கனி காட்டுவாள். இந்த வருஷம் பழம் வாங்க மறந்துவிட்டேன்.

காலையில் கண் விழித்ததும் பட்டறைக்கு வந்து ஷட்டருக்குள் உட்கார்ந்து இழுத்தேன். முதலில் பார்த்த கனி கொய்யா, எலுமிச்சை, வாழை. ஒன்றுக்கொன்று சேரவில்லை. வருஷத்தின் முதல் இழுப்பே இப்படியா என்று மறுபடி இழுத்தேன். பல் விளக்காமல் எத்தனை நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வெளியே கோயிலில் கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது.

தெய்வானை போன் அடித்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பம்பு கம்பெனி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள்.

மத்தியானம் லாசர் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தான். எத்தனை நேரம் எனக்குப் பின்னால் நின்றான் என்று தெரியாது. “நகருடா” என்றான். முதல் உருளையைப் பக்கவாட்டில் கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினான்.

“இது யாரு பண்ணுன வேல?”

உருளையை வாங்கக் கை நீட்டினேன், அவன் தரவில்லை.

“ஓவலா இருக்குது. அரத்தப் போட்டு ராவியிருக்குது. யாருடா பண்ணுனா?”

“நாந்தான்.”

லாசரோடு இருபத்தாறு வருஷப் பழக்கம். ஒரு தடவை அவசரத்துக்கு அவன் ஷாஃப்டில் கொஞ்சம் ராவிப் போட்டதற்கு நான் அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவன் இன்று என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. உருளையை மெதுவாக பெஞ்சின்மேல் வைத்தான்.

“ஆடு, ஆடாமப் போ. அது உன்ற பாடு. ஆனா அதுக்காக உன்ற வேலையவே கெடுத்துக்கிட்டயேடா நாச்சி” என்றான்.

அவன் போனபிறகு உருளையை எடுத்து மறுபடி மாட்டினேன்.

மாட்டி, இழுத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

உண்மையை எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்துச் சோறே தீர்ந்துவிட்டது.

பெரிய லேத் கிரைண்டிங்குக்குப் போகவில்லை. ஜனவரியில் அன்னூர்க்காரருக்கு விற்றுவிட்டேன். அது தெய்வானையின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த பணத்தில் வாங்கியது. விற்ற பணம் ஒன்பது நாளில் போனுக்குள் போய்விட்டது.

மருதமலைக்குப் போகவில்லை. நாற்பது, ஐம்பது என்று எழுதிய சோதனையெல்லாம் எழுநூறுக்குக் குறையாது. கவுண்ட்டரைக் கழற்றியது சத்தத்துக்காக அல்ல, நம்பரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இத்தனைக்கும் ஒரு பைசா வைத்து ஆடவில்லை. ஜெயித்தால் வாஷர், தோற்றால் வாஷர். அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. பணத்துக்காக ஆடுகிறேன், விட்டதைப் பிடிக்க ஆடுகிறேன் என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தேன். வாஷருக்கா இந்தத் தோள் கழன்று விழுகிறது?

போனைத் தொடவில்லை. அது சத்தியம். அவள் தொடாதே என்றது போனைத்தானே. இப்படி ஒரு வாதமும் கைவசம் வைத்திருக்கிறேன், அவள் கேட்டால் சொல்ல.

ஏப்ரல் 18, வெள்ளி

அவளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வரவில்லை என்றால் எனக்கு யாரும் இல்லை. அவள் வந்து இதைப் பார்த்துவிட்டாலும் யாரும் இருக்கமாட்டார்கள். காலையில் இருந்து தண்ணீர்தான்.

பெரிய வெள்ளிக்கு லாசர் கோயிலுக்குப் போய்விட்டான், அவன் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வீட்டைக் கூட்டினேன். பாத்திரம் தேய்த்தேன். சவரம் செய்துகொண்டேன்.

இன்று இழுக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

பதினொரு மணிக்கு வந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். கையில் பை. இன்னொரு கையில் வெள்ளகோவில் சந்தையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு.

“இதானுங்களா அது?” என்றாள்.

“இதான்.”

சுற்றி வந்து பார்த்தாள். படங்களைத் தொட்டுப் பார்த்தாள். “அழகா ஒட்டியிருக்கீங்க” என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். பையைக் கீழே வைக்கவில்லை.

“ஒருக்கா ஆட்டுங்க, பாக்கறேன்.”

இழுத்தேன். எலுமிச்சை, மாம்பழம், மாம்பழம். ஒரு பல் தள்ளியிருந்தால் மூன்று மாம்பழம். ஒரே ஒரு பல்.

“பாத்தயா அம்மிணி, ஒரு பல்லுல போச்சு” என்று திரும்பினேன். அவள் மிஷினைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முருங்கைக்காய்க் கட்டு கீழே விழுந்து கிடந்தது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

“நா ஒருக்காத்தானுங் ஆட்டச் சொன்னேன்.”

“ஒருக்காத்தான ஆட்டுனேன்.”

“பதினோரு தடவ.”

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

“பதினோரு தடவங். ரெண்டாவது தடவையிலயே ஏனுங், ஏனுங்கன்னு கூப்புட்டேன். மூணு தடவ கூப்புட்டேன். உங்களுக்குக் கேக்கல. அப்பறம் எண்ண ஆரம்பிச்சேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “போனுல ஆடும்போது திரும்பி உக்காந்துக்குவீங்க. உங்க மூஞ்சிய நா பாத்ததே இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

கைப்பிடியைப் பார்த்தேன். என் கை அதன்மேல்தான் இருந்தது. எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தயார்செய்து வைத்திருந்த வாதத்தை விட்டுவிட்டேன்.

“என்னால நிறுத்த முடியல தெய்வான” என்றேன். “பெரிய லேத்த வித்துட்டேன். கிரைண்டிங்குக்குப் போகல. வித்துட்டேன்.”

“தெரியுமுங்.”

“எப்ப?”

“மாசி பொறக்கறதுக்கு முன்னாடியே. அன்னூர்ல நம்ம லேத்த அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னாங்க. உங்க வாயில வருதான்னுதான் ஒவ்வொருக்காவும் கேட்டேன்.” இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். “வந்திருந்தா நா போயே இருக்க மாட்டேன்.”

பையைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, பையையும் முருங்கைக்காயையும் எடுத்துக்கொண்டு ஷட்டரை முழுசாக இறக்கி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நானே கழற்றிவிடுகிறேன் என்றேன். “நீங்க கிட்டயே போக வேண்டாம். பண்டிகை முடிஞ்சு லாசரண்ணன் கழட்டட்டும். திங்கக்கெழம நம்ம ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். இதுக்குன்னே டாக்டருங்க இருக்கறாங்களாமா” என்றாள். வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை அவளிடம் நீட்டினேன். இன்றைக்கு உள்ளதையும் எழுதிவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

எழுதுகிறேன். அவள் உள்ளே முருங்கைக்காய் நறுக்குகிறாள். இதையாவது சரியாக எழுதவேண்டும் என்று ஒவ்வொரு இழுப்பாக யோசித்துப் பார்க்கிறேன். பதினோரு தடவை என்கிறாள், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. எனக்கு எலுமிச்சை, மாம்பழம், மாம்பழம் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை.